பிரிண்டிங் ஷெட்டில் மாட்டிய டிவிகள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

ஸ்கிரீன் பிரிண்டிங் நடக்கும் இடத்தில் வேலை அட்டவணை காட்ட டிவி மாட்டுவது ஒரு நாள் வேலைதான். சுவரில் டிவி, அதன் முதுகில் ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சின்னக் கணினி, பிரவுசரில் முழுத்திரையாக ஒரு பக்கம். சிரமமெல்லாம் மாட்டிய பிறகுதான் தொடங்குகிறது. இங்க்கைச் சூட்டில் உலர்த்தும் டிரையர் வெப்பம் கக்குகிறது, பனியனிலிருந்து பஞ்சு பறக்கிறது, பசை ஸ்ப்ரே காற்றில் மிதக்கிறது, நிறங்களுக்கு நடுவே இங்க்கைக் காயவைக்கும் ஃபிளாஷ் ஹீட்டர் மின்சாரத்தை இழுக்கிறது, ஸ்கிரீனில் எமல்ஷன் (ஒளி பட்டால் உறையும் பூச்சு) பூசும் அறைக்கோ வெள்ளை வெளிச்சமே ஆகாது. வீட்டுக்கூடத்துக்காகத் தயாரித்த டிவிக்கு இதில் எதுவும் பழக்கமில்லை.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஸ்கிரீன் என்று வரும் இடமெல்லாம் மெஷ் (வலைத்துணி) கட்டிய ஃபிரேம். காட்சித்திரையை டிவி என்றே சொல்கிறேன், அதில் ஓடும் வேலை அட்டவணையைப் பலகை என்று.

எந்தக் கோளாறானாலும் கையை வைப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: ஒரு டிவியில் மட்டுமா, எல்லா டிவியிலுமா? எல்லாவற்றிலும் என்றால் ரவுட்டர், சர்வர், அல்லது தகவல் புறப்படும் இடம். ஒன்றில் மட்டும் என்றால் அந்த டிவியின் கேபிள், பவர், கணினி. இதைப் பார்க்காமல் ஏணி போட்டு ஏறுவதில்தான் பாதி நேரம் வீணாகிறது.

படம் தெளிவாக இருக்கிறது, தகவல் பழையது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. டிவி கறுத்துப்போனால் எல்லோருக்கும் தெரியும். யாராவது போய் ஜாப் கார்டை (வேலை விவரச் சீட்டை) கையில் எடுத்துக்கொள்வார்கள், வேலை நடக்கும். டிவி பளிச்சென்று காலை 9 மணி நிலவரத்தை மதியம் 2 மணிக்குக் காட்டிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. 200 என்றிருந்ததை வாடிக்கையாளர் 150 ஆகக் குறைத்திருப்பார், நெஞ்சுப் பக்கம் என்றிருந்தது முதுகுக்கு மாறியிருக்கும், பிரஸ்ஸில் (அச்சு இயந்திரத்தில்) நிற்பவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. அச்சடித்த சட்டையை அச்சடிக்காத சட்டையாக்க வழியில்லை.

முதலில் அதே ஜாபை ஆபீஸ் கணினியில் திறந்து பாருங்கள். அங்கேயும் பழையதுதான் என்றால் டிவி மீது தவறில்லை. யாரும் பதியவில்லை என்று பொருள். பிரஸ் ஆபரேட்டர் ஒரு ஜாபை முடித்ததும் இங்க் கையோடு ஆபீஸ் வரை நடந்துபோய் ‘முடிந்தது’ என்று அழுத்த வேண்டிய ஏற்பாடு இருந்தால், பலகை எப்போதும் ஒரு மணி நேரம் பின்தங்கித்தான் இருக்கும். இதற்கு மென்பொருளில் மருந்து தேட வேண்டாம். பிரஸ் பக்கத்திலேயே ஒரு பார்கோடு ஸ்கேனர் வையுங்கள், ஜாப் கார்டில் பார்கோடு அச்சிடுங்கள், ஒரு ‘பீப்’பில் வேலை முடியட்டும்.

ஆபீஸில் புதியது, டிவியில் பழையது என்றால் மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்வது நின்றுவிட்டது. பிரவுசரை நாட்கணக்கில் மூடாமல் ஓடவிட்டால் நினைவகம் நிரம்பித் திணறும். ஷிப்டு இல்லாத நேரத்தில் தினமும் ஒருமுறை கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்துவிடுங்கள். இரண்டு, லாகின் காலாவதியாகிவிட்டது. டிவிகளுக்கென்று பார்க்க மட்டும் அனுமதி உள்ள தனிக் கணக்கு வேண்டும். முதலாளியின் கணக்கில் திறந்து வைப்பது இரண்டு வகையில் தவறு: அது பாதுகாப்புக்காக அடிக்கடி வெளியேற்றும், வாடிக்கையாளரின் போன் எண்ணும் விலையும் ஷெட்டில் நிற்கும் எல்லோர் கண்ணிலும் படும். மூன்று, நெட் போய்விட்டது, ஆனால் கடைசியாக வந்த படம் அப்படியே நிற்கிறது.

இந்த மூன்றும் இனிமேல் வராமல் தடுப்பது கஷ்டம். வந்தால் உடனே தெரிகிற மாதிரி செய்வது சுலபம். பலகையின் மூலையில் ‘கடைசியாகப் புதுப்பித்தது: 11.42’ என்று போடுங்கள். இதில் நிறையப் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மூலையில் ஓடும் கடிகாரத்தை வைத்துவிட்டு, கடிகாரம் ஓடுகிறது, எனவே தகவலும் புதியது என்று நம்பிவிடுகிறார்கள். கடிகாரம் அந்தச் சின்னக் கணினிக்குள்ளேயே ஓடுவது; நெட் அறுந்தாலும் அது நிற்காது. காட்ட வேண்டிய நேரம் தகவலோடு சேர்ந்து சர்வரிலிருந்து வரும் நேரம். அது 10 நிமிடத்துக்கு மேல் பழையதானால் பலகையின் தலைப்புப்பட்டை முழுவதும் சிவப்பாக மாற வேண்டும். பக்கத்தை எழுதித் தருபவருக்கு இது சில வரி வேலைதான். ஷெட்டில் மாட்டும் எந்த டிவிக்கும் நான் முதலில் கேட்பது இந்த ஒன்றைத்தான். நிறம், லோகோ, வரைபடம் எல்லாம் அப்புறம்.

இன்னொன்றையும் பக்கம் எழுதுபவரிடம் சொல்லிவிடுங்கள்: முழுப் பக்கத்தையும் நிமிடத்துக்கு ஒருமுறை ரீலோட் செய்யாமல் தகவலை மட்டும் எடுத்து மாற்றச் சொல்லுங்கள். முழு ரீலோட் நடக்கும் அந்த நொடியில் நெட் இல்லாவிட்டால் பிரவுசரின் பிழைப்பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நெட் திரும்பி வந்தாலும் பலகை தானாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

கரண்ட் போய் வந்த பிறகு ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்கிறது

கணினியின் தேதியைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பையின் 4ஆம் மாடல் வரை உள்ளே கடிகார பேட்டரி கிடையாது. 5ஆம் மாடலில் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். கரண்ட் வந்ததும் கணினி நெட்டிலிருந்து நேரத்தைக் கேட்டு வாங்கும். கணினி எழுந்த நேரத்தில் ரவுட்டர் இன்னும் எழவில்லை என்றால் பழைய தேதியிலேயே நிற்கும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழோடு தேதி ஒத்துப்போகவில்லை என்று பிரவுசர் மறுத்துவிடும். பிரவுசர் ஒரு நிமிடம் தாமதமாகத் திறக்கும்படி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரவுட்டரைச் சின்ன யூபிஎஸ்ஸில் வைத்தால் இன்னும் நல்லது.

கரண்ட் போய் வந்த பிறகு கணினி எழவே இல்லை என்றால் எஸ்டி கார்டு கெட்டிருக்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது பவர் போவது அந்தக் கார்டுகளுக்கு ஆகாது. கார்டில் எதுவும் எழுதாத ‘ஓவர்லே’ முறையை அமைப்புகளில் இயக்கிவையுங்கள். எல்லாம் சரியாக ஓடும் ஒரு கார்டை நகலெடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவையுங்கள். கார்டை மாற்றிச் செருகுவதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

‘சிக்னல் இல்லை’ என்று காட்டுகிறது

டிவி சரியான ஹெச்டிஎம்ஐ இன்புட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரே கம்பெனி டிவிகள் வரிசையாக இருந்தால் ஒரு ரிமோட்டை அழுத்தும்போது பக்கத்து டிவியும் கேட்டுக்கொள்ளும். ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்றின் இன்புட் மாறியிருக்கும். எல்லாம் அமைத்து முடித்த பிறகு ரிமோட் சென்சார் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவது நல்ல வழக்கம்.

அடுத்தது, எது முதலில் ஆன் ஆனது என்பது. சின்னக் கணினி எழும்போது டிவி ஆஃபில் இருந்தால் அங்கே திரையே இல்லை என்று அது முடிவு செய்துவிடும். டிவியை ஆன் செய்து, பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்தால் படம் வந்துவிட்டதென்றால் இதுதான் காரணம். திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1080 (ஃபுல் ஹெச்டி) அளவில் படம் அனுப்பு என்று கணினியின் தொடக்க அமைப்பில் கட்டாயப்படுத்திவிடலாம். ராஸ்பெர்ரி பையின் 4, 5 ஆகிய மாடல்களில் இரண்டு ஹெச்டிஎம்ஐ துளைகள் இருக்கும். பவர் கேபிளுக்குப் பக்கத்தில் உள்ளதுதான் முதலாவது, அதிலேயே செருகுங்கள்.

கேபிள் நீளமும் ஒரு காரணம். சாதாரணச் செம்புக் கேபிளில் 4கே படம் 5 மீட்டரைத் தாண்டினால் தடுமாறத் தொடங்கலாம். 1080 அளவு இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும். வேலைப்பலகைக்கு 4கே தேவையே இல்லை, எனவே முதலில் 1080க்கு இறக்கிப் பாருங்கள். தூரம் அதிகம் என்றால் கணினியை டிவிக்குப் பின்னாலேயே வைத்துவிட்டு நெட்வொர்க் கேபிளை இழுப்பது மேல். அது 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். ஒளியிழை ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கியிருந்தால் அது ஒருவழிப் பாதை. டிவிப் பக்கம் எது, கணினிப் பக்கம் எது என்று முனைகளில் அச்சிட்டிருக்கும். தலைகீழாக இழுத்துவிட்டால் படம் வரவே வராது, கேபிள் கெட்டுவிட்டது என்று தோன்றும்.

கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானாக அணைகிறது

ஏறக்குறைய எப்போதும் டிவியின் மின்சேமிப்புதான். நான்கு மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் அணையும்படி பல டிவிகள் கடையிலிருந்தே வருகின்றன. ‘ஆட்டோ பவர் ஆஃப்’, ‘எகோ’, ‘ஸ்லீப் டைமர்’ ஆகிய மூன்றையும் தேடி நிறுத்துங்கள். கணினியின் ஸ்கிரீன்சேவரையும் நிறுத்துங்கள். இத்தனைக்குப் பிறகும் அணைந்தால் அடுத்த பகுதியைப் பாருங்கள்.

ஃபிளாஷ் எரியும்போது சிமிட்டுகிறது, கம்ப்ரசர் எழும்போது ரீஸ்டார்ட் ஆகிறது

நேரத்தைக் கவனியுங்கள். டிவி சிமிட்டும் நொடியில் ஷெட்டில் எது ஆன் ஆகிறது? கம்ப்ரசர் மோட்டார் எழும்போது ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை ஒரு கணம் இழுக்கும். ஃபிளாஷ் ஹீட்டரோ நிமிடத்துக்குப் பல முறை முழுச்சுமையில் ஏறி இறங்கும். இவை இருக்கும் லைனிலேயே டிவியும் இருந்தால் அந்தத் தாழ்வு அப்படியே வந்துசேரும். டிவி தாங்கிக்கொள்ளலாம், சின்னக் கணினி தாங்காது. ராஸ்பெர்ரி பையின் திரை ஓரத்தில் மின்னல் குறி வந்தால் வோல்டேஜ் போதவில்லை என்று அதுவே சொல்கிறது.

டிவிகளுக்குத் தனி சர்க்யூட் தருவதுதான் நிரந்தரமான வழி. எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். அதுவரை சின்ன யூபிஎஸ் போதும். கணினிக்கு டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து பவர் எடுத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். அந்தத் துளை வழக்கமாக அரை ஆம்பியர் முதல் ஒரு ஆம்பியருக்குள்தான் தரும். ராஸ்பெர்ரி பை 4க்குக் கேட்பது 3 ஆம்பியர், 5க்கு 5 ஆம்பியர். கேபிள் ஒன்று குறைந்ததென்று சந்தோஷப்பட்டு இப்படிச் செருகிவிடுகிறார்கள், அப்புறம் மாதக்கணக்கில் காரணம் தெரியாமல் அலைகிறார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் வைஃபை விட்டுவிட்டு வருகிறது

டிரையர் என்பது நீளமான இரும்புப் பெட்டி. ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில் அது நின்றால் சிக்னலுக்குச் சுவர் எழுப்பிய மாதிரி. அடுக்கி வைத்த அலுமினிய ஃபிரேம்களும் அதே வேலையைச் செய்யும். போதாததற்கு, கணினியை டிவியின் உலோக முதுகோடு ஒட்டி வைத்திருப்பார்கள். அதை எடுத்து டிவியின் ஓரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். அதிலேயே பல டிவிகள் சரியாகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், நெரிசல் அதிகம்; 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, தடுப்புகளைத் தாண்டாது. 2.4இல் இருந்தால் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக வையுங்கள், மற்றவை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

நகராத டிவிக்கு வைஃபை எதற்கு என்பதே என் கேள்வி. இழுக்க முடிகிற இடத்துக்கெல்லாம் கேபிள் இழுத்துவிடுங்கள். கூடவே ஒவ்வொரு கணினிக்கும் ரவுட்டரில் நிலையான முகவரி (ஐபி எண்) ஒதுக்குங்கள். முகவரியைப் பார்த்து எந்தப் பக்கம் என்று சர்வர் முடிவு செய்யும் அமைப்பில், ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் பேக்கிங் டிவியில் பிரஸ் பலகை வருவது முகவரி மாறிவிடுவதால்தான். பலகையின் மூலையில் அது எந்த இடத்துக்கானது என்று பெயரும் இருக்கட்டும்.

டிவி மாட்டியதிலிருந்து ஸ்டென்சில் சரியாகக் கழுவப்படவில்லை

எமல்ஷன் அறையில் டிவி வைத்தவர்களுக்கு மட்டும் வரும் கோளாறு. ஸ்டென்சில் என்பது ஸ்கிரீனில் எமல்ஷன் உறைந்து உருவாகும் டிசைன் படலம். இதை டிவியோடு சம்பந்தப்படுத்தவே பல நாள் ஆகும். எக்ஸ்போஸ் செய்த (டிசைன் ஃபிலிம் வைத்து ஒளி காட்டிய) பிறகு தண்ணீர் அடித்தால் டிசைன் பகுதி திறக்க மறுக்கும். மெல்லிய கோடுகளும் நுண்புள்ளிகளும் அடைத்துக்கொள்ளும். எமல்ஷனை மாற்றுவார்கள், எக்ஸ்போஸ் நேரத்தைக் குறைப்பார்கள், ஃபிலிமைக் குறை சொல்வார்கள். நேரத்தைக் குறைத்தால் ஸ்டென்சில் பலம் இழந்து பிரஸ்ஸில் பின்ஹோல் (ஊசித்துளை) விழத் தொடங்கும். கோளாறு ஒரு படி நகர்ந்து போயிருக்கும், அவ்வளவுதான்.

எமல்ஷன் புற ஊதா, ஊதா, நீல ஒளிக்கு உறையும். அதனால்தான் அந்த அறைக்கு மஞ்சள் விளக்கு. எல்இடி டிவியின் வெண்மை நீல எல்இடியிலிருந்து பிறக்கிறது, 450 நானோமீட்டர் பக்கத்தில் அதன் வலுவான ஒளி. ஒரு ஸ்கிரீன் சில நிமிடம் அதன் முன் இருப்பதால் பெரிய பாதகம் இல்லாமல் போகலாம். பூசிக் காயவைத்த ஸ்கிரீன்கள் மணிக்கணக்கில், இரவு முழுவதும், எதிர்ச் சுவரில் ஓடும் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக உறையும். வேகமாக எக்ஸ்போஸ் ஆகும் ஒற்றைப்பாக போட்டோபாலிமர் எமல்ஷன்களில் இது சீக்கிரம் தெரியும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். வழக்கம்போல் ஒரு ஸ்கிரீனைப் பூசிக் காயவையுங்கள். வழக்கமாக ஸ்கிரீன்கள் நிற்கும் இடத்திலேயே, டிவியைப் பார்த்தபடி நிறுத்துங்கள். ஒரு கறுப்பு அட்டையால் முழுவதும் மூடி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையை ஒரு பட்டை அகலம் நகர்த்துங்கள். கடைசிப் பட்டை மூடியபடியே இருக்கட்டும். பிறகு எக்ஸ்போஸ் செய்யாமல் நேராகக் கழுவுங்கள். எல்லாம் ஒன்றுபோலக் கரைந்து போனால் டிவி குற்றவாளி இல்லை. சில பட்டைகள் தங்கினாலோ தாமதமாகக் கரைந்தாலோ, எத்தனை நிமிடத்தில் உறையத் தொடங்குகிறது என்பதே கையில் கிடைத்துவிட்டது. அப்புறம் டிவியை அணைத்துவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள். அப்போதும் பட்டை விழுந்தால் கதவிடுக்கு, ஜன்னல், மஞ்சள் விளக்கின் பழைய உறை என்று வேறு எங்கோ வெளிச்சம் கசிகிறது.

டிவிதான் காரணம் என்றால் அதை அறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் மாட்டுவதுதான் சிறந்தது. நாளைக்கு எந்த மெஷ்ஷில் எத்தனை ஸ்கிரீன் வேண்டும் என்பதை உள்ளே போகும் முன் ஒருமுறை பார்த்தால் போதும். உள்ளேயே வேண்டும் என்றால் விளக்குகளுக்குச் சுற்றும் புற ஊதாத் தடுப்பு மஞ்சள் ஃபிலிமால் திரை முழுவதையும் மூடுங்கள், பின்னணி கறுப்பு, எழுத்து சிவப்பு அல்லது அம்பர், பிரகாசம் குறைவு. பின்னணி கறுப்பென்பதால் மட்டும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். நெட் போய் வெள்ளைப் பிழைப்பக்கம் இரவெல்லாம் எரிந்தால் எல்லா ஏற்பாடும் வீண். ஃபிலிமோடு மேற்படிச் சோதனையை மறுபடி செய்துவிட்டு நம்புங்கள்.

மதியம் ஆனால் தொங்குகிறது (ஹேங் ஆகிறது), திரையில் கறுப்புத் திட்டு

பிளாஸ்டிசால் இங்க் (சூட்டில் இறுகும் இங்க்) முழுதாகக் கியூர் ஆக, அதாவது இறுக, ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் வேண்டும். டிரையர் வாயிலிருந்து வரும் காற்று மேலே ஏறும். டிவியையும் மேலேதான் மாட்டுகிறோம். பெரும்பாலான டிவிகளுக்கு 40 டிகிரி வரைதான் தாங்கும் அளவு. திரவப் படிகம் அளவு மீறிச் சூடானால் அந்த இடம் கறுத்துவிடும். ஆறினால் திரும்பலாம், அதுவே வழக்கமானால் திரும்பாது. ராஸ்பெர்ரி பை 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், தொங்குவது அதனால். டிரையரின் இரு வாய்களுக்கும் நேர்மேலே எதையும் மாட்டாதீர்கள். மாட்டுவதற்கு முன், உற்பத்தி முழு வேகத்தில் ஓடும் நேரத்தில், அதே உயரத்தில் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.

வெப்பம் இல்லாமலும் தொங்கினால் விசிறியைத் திறந்து பாருங்கள். பஞ்சும் பசை ஸ்ப்ரேயும் சேர்ந்தால் ஊதினாலும் போகாத அடை உருவாகும். விசிறியே இல்லாத கணினிதான் இங்கே பொருத்தம். திரை மங்கலாகத் தெரிவதும் அதே பசைதான். இங்க் துடைக்கும் சால்வென்ட்டை அதில் போட்டால் மேலுறை வெளுத்துப் போய்விடும். லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணி மட்டும், டிவியை அணைத்துவிட்டு. சால்வென்ட் இங்க், சால்வென்ட் கழுவுதல் நடக்கும் மூலையில் சாதாரண டிவி மாட்டவே கூடாது. ஆவி தீப்பிடிக்கும். இதில் சமரசம் இல்லை.

ஓரம் வெட்டுப்படுகிறது, எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது

ஓரம் வெட்டுப்பட்டால் டிவியின் படஅளவை ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று மாற்றுங்கள். எழுத்து ஓரங்களில் வண்ணம் கசிந்தால் அந்த இன்புட்டுக்கு ‘பிசி’ என்று பெயர் வைத்துப் பாருங்கள். பல டிவிகளில் அதுவே போதும்.

தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தால் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவுங்கள். தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்தால், ஜாப் கார்டை யாரோ பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறார்கள். யூனிகோடுக்கு மாற்றித்தான் தீர வேண்டும்.

எல்லாம் ஓடுகிறது, யாரும் பார்ப்பதில்லை

இதுவும் கோளாறுதான். 3 மீட்டர் தூரத்துக்கு எழுத்து 25 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது நம்பத்தக்க கணக்கு. 6 மீட்டர் என்றால் 50. 43 அங்குல டிவியின் உயரம் ஏறக்குறைய 53 சென்டிமீட்டர். வரி இடைவெளியும் சேர்த்தால் 6 மீட்டருக்கு அதில் ஆறு, ஏழு வரிதான் பிடிக்கும். ஆபீஸ் கணினியின் முப்பது வரிப் பட்டியலை அப்படியே ஏற்றினால் படிக்க முடியாது, படிக்க முடியாததை இரண்டாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பிரஸ்ஸில் நிற்பவருக்கு இப்போதைய ஜாப், அடுத்த ஜாப், அச்சிடும் இடம், இங்க் வரிசை, எண்ணிக்கை. பேக்கிங்கில் அளவு வாரியான எண்ணிக்கை, அனுப்பும் தேதி. அவ்வளவு போதும். டிவியை மாட்டுமுன் ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள். ஸ்க்வீஜி (இங்க்கைத் தள்ளும் ரப்பர் பட்டை) இழுக்கும்போது கண் எங்கே போகிறதோ அங்கே மாட்டுங்கள். மேல்விளக்கு திரையில் பிரதிபலித்தால் டிவியை லேசாக முன்னோக்கிச் சாயுங்கள்.

டிவியில் பார்த்த சிவப்பும் சட்டையில் வந்த சிவப்பும் வேறு

டிவியைச் சரிசெய்து இதைத் தீர்க்க முடியாது. ‘விவிட்’ நிலையை மாற்றினால் மிகை குறையும், ஒத்துப்போகாது. திரை ஒளியை உமிழ்கிறது, இங்க் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஃபுளோரசென்ட் இங்க்கின் பளீரைச் சாதாரணத் திரை காட்டவே முடியாது. கறுப்புத் துணியில் கீழே போடும் வெள்ளை அடித்தளம் எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்தும் மேல் நிறம் மாறும். நிறத்துக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியது பான்டோன் அட்டை (எண் போட்ட நிற மாதிரி அட்டை), 5000 கெல்வின் விளக்கின் கீழ். டிவியில் வரும் மாதிரிப் படத்தின் மேலேயே ‘இடம் பார்க்க மட்டும்’ என்று எழுதிவிடுங்கள். அதன் பக்கத்தில் இங்க்கின் பான்டோன் எண்ணைப் பெரிதாகப் போடுங்கள்.